கரி எங்கிருந்து வந்தது?

"புல்லிங் இல்லண்ணே." காட்டாங்குளத்தூரில் என் ஷெட்டுக்கு வரும் டீசல் வண்டிக்காரர்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லோடுதான் சாவியை நீட்டுவார்கள். வண்டலூர் மேம்பாலம் ஏறும்போது நாலாவது கியரில் இழுக்க மாட்டேன் என்கிறது, மூன்றாவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது என்பார் ஒருவர். எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் 2500-ஐத் தாண்டவில்லை என்பார் இன்னொருவர். "டர்போ போயிடுச்சு" என்று தாங்களே முடிவு சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. வேறெங்கோ கேட்டுவிட்டு வந்து, "டிபிஎஃப் அடைச்சிருக்காம், கழட்டி கிளீன் பண்ணிக் குடுத்துடுங்க" என்று வேலையையும் அவர்களே ஒதுக்கித் தருவதுண்டு.

அடைத்திருக்கலாம்தான். ஆனால் டிபிஎஃப் என்கிற அந்தப் புகை ஃபில்டர் தானாக அடைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. இன்ஜின் கரியை அனுப்புகிறது, அது பிடித்து வைக்கிறது, சேர்ந்ததும் எரிக்கிறது. அளவுக்கு மீறிக் கரி வந்தது ஏன், அல்லது வந்த கரி எரியாமல் தங்கியது ஏன்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் ஃபில்டரைக் கழுவி மாட்டினால் சில வாரங்களில் டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு மறுபடியும் எரியும். எங்கள் தொழிலில் வண்டிக்காரர்களின் பணம் இன்று அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது மேற்குத் தாம்பரத்தில், ஒரு பழைய டீசல் பட்டறையில். எனக்கு வேலை பழக்கிய அண்ணன் பானெட்டைத் திறக்கும் முன் வண்டியின் பின்பக்கம் போய் நிற்பார். ஆக்சிலேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதிக்கச் சொல்வார். கறுப்பாகத் தள்ளினால் காற்று குறைவு, இல்லையென்றால் டீசல் அதிகம். வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் போகிறது, இல்லையென்றால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. நீலம் கலந்தால் ஆயில். கறுப்பிலேயே சட்டென்று வந்து மறைவது ஒரு கோளாறு, மிதிக்க மிதிக்க வந்துகொண்டே இருப்பது வேறு கோளாறு. புகையைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது என்ற காலம் அது.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு அது மாறியது. அன்று முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 என்ற மாசு விதி வந்தது. டெல்லிக்கு 2018-லேயே அந்த விதிக்கேற்ற டீசல் போய்விட்டிருந்தது. பிஎஸ்-4-இல் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வரை விடலாம். பிஎஸ்-6 அதை 4.5 மில்லிகிராம் ஆக்கியது. டீசலில் இருந்த கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்குக்கு இறங்கியது. துகளை இந்த அளவுக்குக் குறைக்கப் புதிய டீசல் கார்களின் எக்ஸாஸ்டில் ஃபில்டர் வந்து உட்கார்ந்தது. ஐரோப்பாவில் இது பழைய சங்கதி. பிரான்சின் பெஜோ 607 கார் 2000-லேயே ஃபில்டரோடு வந்தது. நமக்கு அது வந்து சேர்ந்ததோ, ஊரடங்கில் ஜிஎஸ்டி ரோடே வெறிச்சென்று கிடந்த வாரங்களில். வாரண்டி முடிந்து அந்த வண்டிகள் எங்களைப் போன்ற வெளி ஷெட்டுகளுக்கு வரத் தொடங்கியபோதுதான் ஒன்று புரிந்தது: இன்ஜின் உள்ளே கன்னங்கரேலென்று கரியைக் கக்கினாலும் சைலன்சரில் ஒன்றும் தெரியாது. அண்ணன் பின்பக்கம் நின்று படித்த அந்தப் புகையை ஃபில்டர் முழுங்கிவிடுகிறது. வண்டிக்காரருக்கும் தெரிவதில்லை, மெக்கானிக்குக்கும் தெரிவதில்லை. தெரியவரும்போது ஃபில்டர் நிரம்பியிருக்கும், விளக்கு எரியும், இன்ஜினின் கணினியான இசியு வண்டியின் சக்தியைப் பாதியாக வெட்டி லிம்ப் மோடில் தள்ளியிருக்கும்.

ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே பீங்கான் தேன்கூடு. நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். ஒரு குழாய்க்கு வாய் திறந்து வால் மூடியிருக்கும். அதன் பக்கத்துக் குழாய்க்கு வாய் மூடி வால் திறந்திருக்கும். உள்ளே போன புகை பக்கச் சுவரில் உள்ள நுண்துளை வழியாகத்தான் அடுத்த குழாய்க்குத் தாண்டி வெளியே வர முடியும். வாயு தாண்டிவிடும், கரி சுவரில் தங்கிவிடும். தங்கிய கரி ஓரளவு சேர்ந்ததும் இசியு அதை எரிக்க முடிவு செய்யும். இதற்குத்தான் ரீஜென் என்று பெயர். சிலிண்டரில் எரிப்பு முடியும் தறுவாயில் இன்ஜெக்டர் இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். அந்த டீசல் ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் வினையூக்கிக்குப் போய் அங்கே எரிந்து, ஃபில்டருக்குள் போகும் புகையின் சூட்டை 600 டிகிரி பக்கம் ஏற்றும். அந்தச் சூட்டில் பத்து இருபது நிமிஷம் நின்றால் கரி எரிந்து வாயுவாகிப் போய்விடும்.

ஆனால் கேட்ட நேரத்தில் ரீஜென் நடக்காது. இன்ஜின் சூடேறியிருக்க வேண்டும். டேங்க் ரிசர்வில் இருக்கக் கூடாது. இஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் திருப்பும் வால்வு), இன்ஜெக்டர், சூட்டு சென்சார் போன்றவற்றில் கோளாறு பதிவாகியிருக்கக் கூடாது. வண்டி ஒரு சீரான ஓட்டத்தில் இருப்பது நல்லது.

எங்கள் வட்டாரத்து ஓட்டம் இதற்கு நேர் எதிர். காலையில் பிள்ளையைப் பொத்தேரியில் இறக்கிவிட்டு வீடு. மாலையில் கூடுவாஞ்சேரி மார்க்கெட் போய்த் திரும்புதல். ஊரப்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் முதல் கியரும் இரண்டாவதும்தான். மகேந்திரா சிட்டியில் கம்பெனி வாசலில் ஷிப்ட் முடியக் காத்திருக்கும் கேப் டிரைவர் வெயில் தாங்காமல் ஏசியைப் போட்டு வண்டியை ஐடிலிங்கில் விட்டிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; மே மாதம் அந்த ரோட்டில் மூடிய காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆனால் ஐடிலிங்கில் எக்ஸாஸ்ட் சூடு 200 டிகிரியைக் கூட எட்டாது. கரி சேரும், எரியாது. அப்படியும் கூடுவாஞ்சேரி அருகே ரீஜென் தொடங்கிவிட்டால் ஊரப்பாக்கத்தில் வீடு வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவார்கள். வண்டி அணைந்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் பேய்போலச் சுற்றுவதும், முன்பக்கம் சூட்டு வாடை வருவதும், ஐடிலிங் ஆர்பிஎம் வழக்கத்தைவிடச் சற்று ஏறி நிற்பதும் ரீஜென் பாதியில் இருப்பதன் அடையாளங்கள். இதை நான் எல்லா டீசல் வண்டிக்காரர்களிடமும் சொல்லிவிடுவேன். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்ச தூரம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போய்த் திரும்பினால் ஃபில்டர் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த புல்லின் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். எங்கள் பக்கம் காலி மனைகளில் கோடையில் புல் கருகிக் கிடக்கும். 600 டிகிரிக் குழாய் அதன் மேல் நிற்பது ஆபத்து.

"ஹைவேல விட்டு ஓட்டுங்க, சரியாயிடும்" என்பது எல்லாரும் சொல்லும் மருந்து. பல வண்டிகளுக்குப் பலிக்கும். ஆனால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த டொயோட்டா வழக்கு சாட்சி. 2015 முதல் 2020 வரை அங்கே விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் சுமார் 2,60,000-இன் ஃபில்டர் அமைப்பில் குறை இருந்தது என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. அந்தக் குறை தலைகாட்டிய சூழ்நிலைகளில் ஒன்று, மணிக்கு 100 கிலோமீட்டர் வாக்கில் தொடர்ந்து ஓட்டுவது. நல்ல ஹைவே ஓட்டம் இருந்தும் அடைத்த ஃபில்டர்கள் அவை. ஓட்டுகிறவர் மேல் பழியைப் போட்டுவிட்டு ஸ்பேனரைக் கீழே வைப்பது எங்களுக்கு எளிது. அப்படிச் செய்யக் கூடாது.

ஆகவே என் ஷெட்டில் வேலை கேள்வியில் தொடங்கும். தினமும் எங்கிருந்து எங்கே போகிறீர்கள்? கடைசியாக எந்த ஆயில் ஊற்றினீர்கள், பில் இருக்கிறதா? மைலேஜ் எப்போதிலிருந்து குறைந்தது? இதற்கு முன் யாராவது எதையாவது கழற்றினார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஆனால் பாதி நேரம் கோளாறு அந்தப் பதிலில்தான் இருக்கும்.

அடுத்து சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பேன். ஃபில்டர் முழுசாக இருக்கும் வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். கரி அப்பிக்கொண்டு வந்தால் பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, அல்லது யாரோ அதை உடைத்து எடுத்திருக்கிறார்கள். பிறகு ஆயில் ஸ்டிக். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால், தண்ணீர்போல் ஓடினால், டீசல் வாடை அடித்தால், முடியாமல் நின்ற ரீஜென்களின் மிச்ச டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை ஆயில் மாற்றாமல் ஓட்டிப் பார்க்கக் கூட நான் சம்மதிப்பதில்லை. டர்போ பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் அந்த ஆயிலை நம்பித்தான் சுற்றுகின்றன.

ஸ்கேனர் இதற்குப் பிறகுதான். எரர் கோடு எண்ணைப் படித்துவிட்டுப் பாகத்தை மாற்றுவதற்கு ஸ்கேனர் எதற்கு? பி 0299 என்று வந்தால் டர்போ போதிய காற்றைத் தள்ளவில்லை என்று பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. ஃபில்டர் அடைத்தால் பின்னழுத்தம் ஏறி டர்பைன் சரியாகச் சுற்றாது. அப்போதும் இதே கோடு வரும். நல்ல டர்போவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எண்களைத்தான் பார்க்க வேண்டும். முதலில் சாவி மட்டும் போட்டு, இன்ஜின் ஓடாமல். அப்போது ஃபில்டரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டவில்லை என்றால் பொய் சொல்வது சென்சார். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதே என்று என்னோடு வேலை செய்யும் பையன்களிடம் சொல்வேன். அதே நேரத்தில் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாக, நம் ஊரில் 1000 மில்லிபார் பக்கம் இருக்க வேண்டும். பிறகு இன்ஜினைச் சூடாக்கி ஐடிலிங்கில் ஒருமுறை, 3000 ஆர்பிஎம்மில் ஒருமுறை. நல்ல ஃபில்டர் ஐடிலிங்கில் சில மில்லிபார்தான் காட்டும். 3000-இல் மளமளவென்று நூறைத் தாண்டி ஏறினால் உள்ளே வழியில்லை. வண்டிக்கு வண்டி எண் மாறும் என்பதால் நல்ல நிலையில் வரும் வண்டிகளின் எண்களையும் குறித்து வைக்கிறோம். இந்த வழக்கத்தை ஷெட்டுக்குக் கொண்டுவந்தவன் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் வேலை செய்த ஒரு தம்பி. 2022-ல் அங்கே கார் உற்பத்தி நின்ற பிறகு எங்களிடம் சேர்ந்தான். டார்க் ரெஞ்சில் எத்தனை வைத்தோம் என்பதைக் கூட எழுதி வைப்பான். அவன் வந்த பிறகு எங்கள் வேலை ஒரு படி உயர்ந்தது.

ஒரு கம்பெனி கேப்பைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு இடத்தில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. மூன்றாவது இடத்தில் டர்போவுக்கு விலை சொல்லியிருந்தார்கள். டிரைவருக்கு வண்டியின் மேல் தவணை ஓடிக்கொண்டிருந்தது. விரலில் கரி இல்லை. அழுத்த வித்தியாசம் அதிகம்தான், ஆனால் வண்டியை நிறுத்துமளவுக்கு இல்லை. தம்பியை ஸ்கேனரோடு பக்கத்தில் உட்காரவைத்து, மறைமலை நகர் தாண்டி ரோடு காலியான இடத்தில் மூன்றாவது கியரில் முழு மிதி மிதித்தேன். இசியு கேட்ட காற்றழுத்தம் 2200 மில்லிபார், வந்தது 1650. ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம், மட்டும் கேட்டது கேட்டபடி வந்தது. ஆக டீசல் பக்கம் குற்றமில்லை, காற்று எங்கோ போகிறது.

ஷெட்டுக்குத் திரும்பி டர்போவின் வாய்க்குப் பிவிசி மூடி ஒன்றைப் போட்டோம். அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறோம், நாங்களே செய்துகொண்டது. ரெகுலேட்டரை ஒரு பாருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு காற்றை ஏற்றி, வழி நெடுக சோப்புத் தண்ணீர் அடித்தால், இன்டர்கூலரின் கீழ் ஹோஸில், கிளாம்ப் உட்காரும் இடத்துக்கு அடியில் நுரை பொங்கியது. வெறும் கையால் தடவினால் அந்தக் கிழிசல் தெரியாது. அழுத்தம் ஏறினால்தான் வாயைத் திறக்கும்.

இதில் கரி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. அளந்த காற்று டர்போ, இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போக வேண்டும். வழியில் ஹோஸ் கிழிந்திருந்தால் அதில் ஒரு பங்கு ரோட்டுக்குப் போய்விடும். இசியுவுக்கு அது தெரியாது. அளந்த முழுக் காற்றுக்கும் உரிய டீசலை ஊற்றும். காற்றில்லாத டீசல் கரியாகும். பிஎஸ்-4 வண்டியாக இருந்தால் பின்னால் வந்த பைக்காரர் முகத்தைச் சுளித்து டிரைவரிடம் சொல்லியிருப்பார். இந்த வண்டியில் அத்தனை கரியும் ஃபில்டருக்குள் போனது. ஃபில்டர் இரண்டு முறை கழுவப்பட்டது, கிழிந்த ஹோஸ் அப்படியே இருந்தது. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றி, ஆயில் மாற்றி, ஒரு ரீஜென் முடித்து அனுப்பினோம். டர்போ இன்றுவரை பழையதுதான்.

பொத்தேரியில் ஒரு அபார்ட்மென்டில் நின்ற காரின் கதை இதற்கு நேர்மாறானது. ஸ்கேனரில் பி 2002, அதாவது ஃபில்டர் சரியாக வடிகட்டவில்லை. உள்ளே பீங்கான் உடைந்துவிட்டது, புது ஃபில்டர்தான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதன் விலை லட்சத்தைத் தொடும். வண்டியைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. "தம்பி, ரெண்டு மாச பென்ஷன் போயிடும்போல இருக்கே" என்றார். சைலன்சரில் விரலை விட்டேன், சுத்தமாக வந்தது. ஃபில்டர் உடைந்திருந்தால் விரல் கறுத்திருக்க வேண்டும். ஸ்கேனர் சொல்வதும் விரல் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் இருக்கும் சென்சாரைத்தான் விசாரிக்க வேண்டும். அழுத்த சென்சாருக்கு ஃபில்டரின் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் இரண்டு சிறிய ஹோஸ்கள் போகின்றன. முன் ஹோஸை எலி கடித்துத் தின்றிருந்தது. அழுத்தம் வழியிலேயே கசிந்துவிட, ஃபில்டருக்கு முன்னால் அழுத்தமே இல்லை, ஆகவே உள்ளே ஃபில்டரே இல்லை என்று இசியு கணக்குப் போட்டிருக்கிறது. சூடு தாங்கும் ஹோஸ் ஒரு முழம் போட்டோம். அதற்குக் கிடைத்த டீசல் ஹோஸைச் செருகிவிடக் கூடாது. எக்ஸாஸ்ட் சூட்டில் உருகிவிடும். ஹோஸ் சென்சாரிலிருந்து கீழ்நோக்கி இறங்கும்படியும் இருக்க வேண்டும். நடுவில் தொங்கினால் அங்கே ஈரம் தேங்கி மறுபடியும் தப்பான எண் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வடிந்த பிறகு வந்த வண்டிகளில் இந்த ஹோஸ்களுக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்து வண்டி என்றால் இப்போதும் ஹோஸை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போவேன்.

எல்லாப் புல்லிங் குறைவும் ஃபில்டரால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழு மிதியில் ரெயில் பிரஷர் கேட்டதைவிடத் தாழ்ந்து நின்றால் டீசல் ஃபில்டர், சக்ஷன் பைப்பில் காற்று, இல்லையென்றால் இன்ஜெக்டர். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பிலும் நாலு சின்னப் பாட்டிலை மாட்டி ஓடவிட்டால் எது அதிகம் கசிகிறது என்று பாட்டிலே காட்டிவிடும். டர்போவின் வேன், அதாவது உள்ளே திரும்பும் இதழ்கள், கரி பிடித்து இறுகியிருக்கிறதா என்பதைக் கை வேக்கம் பம்பைப் போட்டு ஆக்சுவேட்டர் கம்பி தடங்கலின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். இதெல்லாம் ஒரு மணி நேர வேலை.

எனக்கு ஆத்திரம் வரவைத்த கோளாறு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களை ஏற்றும் ஒரு வேன். மாதம் தவறாமல் ஃபில்டர் விளக்கு. காற்று சரி, டீசல் சரி, இஜிஆர் வால்வு சரி, டிரைவர் மகேந்திரா சிட்டி வரை நன்றாக ஓட்டுகிறவர். ஆனாலும் ரீஜென் தொடங்குவதே இல்லை. ஸ்கேனரில் கூலன்ட் சூட்டைப் பார்த்துக்கொண்டே பரனூர் டோல்கேட்டுக்கு முன்னால் வரை போனோம். 60 டிகிரியிலேயே நின்றது. இன்ஜின் வேலைச் சூட்டுக்கே வரவில்லை. ஹவுசிங்கைத் திறந்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை. எப்போதோ ஓவர்ஹீட் என்று போன இடத்தில் அதை எடுத்து வீசியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். நம் ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு, வண்டி கூலாக ஓடட்டும் என்பார்கள். பழைய இன்ஜின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. இன்றைய வண்டியில் கூலன்ட் சூடேறவில்லை என்றால் இசியு ரீஜெனுக்கு அனுமதியே தராது. குளிர்ந்த இன்ஜினில் கரியும் அதிகம். விலை குறைந்த ஒரு பாகத்தை எடுத்து வீசியதற்கு அந்த வேன் உரிமையாளர் ஃபில்டர் வேலைக்கு எவ்வளவு கொடுத்தார் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. புது தெர்மோஸ்டாட் போட்டு, ஓவர்ஹீட்டுக்கு உண்மைக் காரணமான ரேடியேட்டர் அடைப்பையும் எடுத்தோம்.

ஸ்கேனர் வழியாகக் கட்டாய ரீஜென் செய்யலாம். இப்போது ஸ்கேனர் வைத்திருக்கிற எல்லாரும் செய்கிறார்கள். கரி அளவு எல்லை தாண்டிய ஃபில்டரில் இதைச் செய்தால் மொத்தக் கரியும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டு உள்ளே சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும், பீங்கான் வெடிக்கும். எல்லைக்கு உள்ளே இருந்தால் மட்டும், நல்ல ஆயிலோடு, வெட்டவெளியில், சிமென்ட் தரையில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துச் செய்கிறோம். எண்ணெய்ச் சாக்கு கிடக்கும் ஷெட்டுக்குள் ஒருபோதும் செய்வதில்லை. எல்லை தாண்டிவிட்டால் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்படிக் கழற்றிய ஃபில்டரை வாட்டர் வாஷ் கம்ப்ரஸரால் பீய்ச்சி அடிப்பதும் ஆசிட் ஊற்றுவதும் உள்ளே இருக்கும் வினையூக்கிப் பூச்சைக் கெடுத்துவிடும். அடுப்பில் வைத்துப் பக்குவமாகச் சுட்டு, எதிர்த்திசையில் காற்றடித்து எடுக்கும் இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எதை எரித்தாலும் சாம்பல் எரியாது. ஆயிலில் சேர்த்திருக்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் போன்றவை எரிந்தபின் ஃபில்டரில் சாம்பலாகத் தங்கிவிடும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் என்று தனியாக வருகிறது. டின்னில் சி2, சி3 என்று போட்டிருக்கும். லிட்டருக்கு நூறு இருநூறு மிச்சம் என்று பழைய ஆயிலையே ஊற்றுகிறவர்களிடம் நான் டின்னைத் திருப்பிக் காட்டி விளக்குவேன். ஆயில் நல்லதாக இருந்தாலும் லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஃபில்டரில் சாம்பல் இருக்கத்தான் செய்யும். கோளாறு எதுவும் இல்லாமல் ஃபில்டருக்கு வயதாவது அப்படித்தான்.

கடைசியாக, டெலீட். இசியு மென்பொருளை மாற்றி, பீங்கானை உடைத்து எடுத்து, வெறும் கூட்டை வெல்டிங் வைத்து மாட்டிவிடுவது. "அண்ணே, எடுத்து வுட்டுடுங்க, நிம்மதி" என்று கேட்காத மாதம் இல்லை. நான் செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. என் ஷெட்டிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும். காலை எட்டரை மணிக்கு அங்கே மாணவர்கள் நெரித்துக்கொண்டு நிற்பார்கள். அம்மாவின் கையைப் பிடித்து நிற்கும் சின்னக் குழந்தைகளின் முகம் சைலன்சரின் உயரத்துக்குத்தான் இருக்கும். அந்தப் பீங்கானை என் கையால் உடைக்க எனக்கு மனம் துணியாது. எடுத்துவிட்டால் வண்டிக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. கிழிந்த ஹோஸும் கசியும் இன்ஜெக்டரும் அப்படியே இருக்கும். அதே கரி இஜிஆரையும் டர்போ வேனையும் இறுக்கும்.

கேட்டு வந்தவர்களில் ஒருவர் மஞ்சள் போர்டு வண்டிக்காரர், கூடுவாஞ்சேரி. முதலில் மறுத்தேன், கோபித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். "சரிண்ணே, நீங்களே பாருங்க. ஆனா எனக்கு வண்டி வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், திருப்பதி சவாரி இருக்கு" என்றார். பாட்டில் மாட்டிப் பார்த்ததில் இரண்டாவது இன்ஜெக்டரின் ரிட்டர்ன் மற்றவற்றைவிட இருமடங்கு நிரம்பியது. ஆயிலிலும் டீசல் வாடை. இன்ஜெக்டரை ரீகண்டிஷனுக்குக் கொடுத்து, வந்ததும் அதன் கோடு எண்ணை இசியுவில் ஏற்றி, சி3 ஆயில் ஊற்றி, கரி எல்லைக்குள் இருந்ததால் வெளியே சிமென்ட் தளத்தில் ரீஜென் முடித்தோம். 3000 ஆர்பிஎம்மில் 140 மில்லிபார் காட்டிய அழுத்த வித்தியாசம் 38-க்கு வந்தது. வியாழன் இரவு மகேந்திரா சிட்டி வரை அவரையே ஓட்டச் சொன்னேன். திரும்பி வரும்வரை ஒன்றும் பேசவில்லை, இறங்கியதும் "இழுக்குதுண்ணே" என்றார். எண்களைத் தம்பி நோட்டில் எழுதிக்கொண்டான். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஸ்கேனர் போட்டுப் பார்க்க ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள், அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.